விண்டோஸ் மாறிய மறுநாள் கடை திறப்பது எப்படி?

நமது வணிகப் பெருமக்களிடம், "கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கிற வியாபாரத்தில் அதற்கெல்லாம் பணம் ஏதுங்க?" என்ற பதில்தான் முதலில் வரும். ஒரு டீ சாப்பிடும் நேரம் பேசிக்கொண்டிருந்தால் உண்மைக் காரணம் வெளியே வந்துவிடும். பணம் அல்ல, பயம். "இப்போது எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவேன். மாற்றிவிட்டால், காலையில் கூட்டம் நிற்கும்போது நான் பட்டனைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டுமே!" என்பார்கள்.

இந்தப் பயம் நியாயமானதுதான். ஆலங்காயத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் அதைப் பட்டே தெரிந்துகொண்டேன்.

விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால், செப்டம்பர் 22-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நெய், வெண்ணெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு; பிஸ்கட், சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18-லிருந்து 5-க்கு. ஒவ்வொரு சரக்காக எடுத்து விகிதம் மாற்றி முடிப்பதற்குள் விரல் தேய்ந்துவிட்டது. அந்த வேலை முடிந்த கையோடு, ஆயுத பூஜைக்குப் புதுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கலாம் என்ற ஆசையில், முந்தின நாள் இரவு ஒரு தம்பியை அழைத்துப் புதிய டிஸ்க் போட்டு விண்டோஸ் 11 ஏற்றச் சொன்னேன். ஆயுத பூஜை காலையில் பொரி, கடலை, அவல், வெல்லம் வாங்க எத்தனை பேர் நிற்பார்கள் என்பது மளிகைக்காரனுக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது என் தவறு.

முதல் பத்துப் பன்னிரண்டு பில் ஒழுங்காகவே வந்தன. பிறகு மகன், வெளியூர் பார்ட்டி ஒருவருக்குப் பெரிய தாளில் ஒரு இன்வாய்ஸ் அடித்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்லாவில் போட்ட ஒவ்வொரு பில்லும் முன்னால் இருக்கும் சின்ன பில் பிரிண்டரில் வராமல், பின்னால் குடோனில் இருக்கும் பெரிய பிரிண்டரில் போய் விழுந்தது. ஐந்து வரிப் பில்லுக்கு ஒரு முழுத் தாள். நான் இங்கே "பிரிண்டர் கெட்டுவிட்டது" என்று சுருளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க, அங்கே பொரிக்கடலைப் பில்கள் மலைபோல் குவிந்திருந்தன.

பிரிண்டர் கெடவில்லை. விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. கடைசியாக எந்தப் பிரிண்டரில் அச்சடித்தோமோ, அதையே வழக்கமான பிரிண்டராக அது தானே வைத்துக்கொள்ளும். 2015 முதலே இருக்கிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றினால் இது இயங்கும் நிலையிலேயே வரும். பழைய கம்ப்யூட்டரில் என்றோ யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; அது எனக்கு நினைவில்லை. நிறுத்தும் முறை இதுதான்: செட்டிங்ஸ் திறந்து, புளூடூத் அண்டு டிவைசஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்றிருக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு, மேலே உங்கள் பில் பிரிண்டரின் பெயரைத் தொட்டு 'செட் அஸ் டிஃபால்ட்' கொடுத்தால் தீர்ந்தது. ஒரு நிமிட வேலை. அது தெரியாமல் எனக்கு ஒன்றரை மணி நேரம் போயிற்று.

தேதி செய்த மோசம்

பிரிண்டர் தகராறாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரியது கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

நம் கடைகளில் கடன் கணக்கை எக்செல்லில் வைத்திருப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான். காவலூர், ஜமுனாமரத்தூர் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் அரிசி, எண்ணெய், பருப்பு கடனாக எடுத்துப் போவார்கள். சாமையோ புளியோ இறங்கும் காலத்தில் கணக்குத் தீர்ப்பார்கள். இதற்குச் சாட்சி, பத்திரம் எதுவும் கிடையாது. என்றைக்கு என்ன எடுத்தார் என்பது சரியாக இருந்தால் போதும்.

புதிதாக ஏற்றிய விண்டோஸில் தேதி முறை அமெரிக்க வழக்கப்படி இருந்தது. அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். நான் அக்டோபர் 3-ஆம் தேதியை 3-10-2025 என்று அடிக்க, கம்ப்யூட்டர் அதை மார்ச் 10 என்று எடுத்துக்கொண்டது. ஆனால் திரையில் 3/10/2025 என்றே காட்டியதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 13-ஆம் தேதி முதல் நிலைமை வேறு. பதிமூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லை அல்லவா? அதனால் 13-10-2025 என்று அடித்தால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் நிறுத்திவிடும். சரியான தேதி வலது ஓரத்தில் நிற்கும். இந்த ஒரு அடையாளத்தை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தேதி இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், அதற்கு முன் பன்னிரண்டு நாள் கணக்கையும் சந்தேகப்பட வேண்டும்.

தீபாவளிச் சரக்கு இறக்கும்போதுதான் இதைக் கண்டுபிடித்து, தேதி முறையை இந்திய வழக்கத்துக்கு மாற்றினேன். மாற்றிய அந்த நொடியில், அக்டோபர் முதல் பன்னிரண்டு நாளில் ஏற்றிய வரவு, கடன் அத்தனையும் ஜனவரி 10, பிப்ரவரி 10, மார்ச் 10 என்று வருடம் முழுவதும் சிதறிப் போயின. அக்டோபர் 10 மட்டும் தப்பியது! கையால் எழுதிய சிட்டைகளை ஆணியில் குத்தி வைக்கும் பழக்கத்தை நான் விடாததால் பிழைத்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

மாற்றுவதற்கு முந்தின நாள்

விண்டோஸை மாற்றுவதில் இரண்டு வகை உண்டு. இருப்பதன் மேலேயே ஏற்றுவது ஒன்று. இதில் நம் கோப்புகள், புரோகிராம்கள், பெரும்பாலான அமைப்புகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அல்லது புது டிஸ்க் போட்டு, முதலிலிருந்து ஏற்றுவது மற்றொன்று. இதில் எதுவும் மிஞ்சாது. வரும் ஆளிடம் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

எந்த வகையானாலும், முந்தின நாள் செல்போனை எடுத்து நாலைந்து படம் பிடித்து வையுங்கள். கம்ப்யூட்டர் திறந்ததும் தெரியும் முகப்பு, பிரிண்டர் பட்டியல், தேதி முறை உள்ள பக்கம், நெட்வொர்க் எண்கள் உள்ள பக்கம், பில் புரோகிராமில் தாள் அளவு குறித்துள்ள பக்கம் ஆகியவை போதும். கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து, அந்தப் பென் டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியபடியே விடுவதும் நகல் எடுக்காததும் ஒன்றுதான்.

தமிழில் சரக்குப் பெயர் அடிக்கும் கடைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள், அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் துவரம்பருப்பு என்பதற்குப் பதில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கணக்கு கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து வைத்திருந்து மறுபடி ஏற்றினால் சரியாகும். யூனிகோடில் அடித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ் 99 விசைப்பலகையும் 2019 முதல் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூன்று சின்னப் படங்கள்

பழைய கண்ட்ரோல் பேனலைத் தேடிப் பலர் அலைகிறார்கள். 1985-இல் வந்த முதல் விண்டோஸிலிருந்தே இருக்கும் அந்த அறை இன்னும் இடிக்கப்படவில்லை. வாசலைத்தான் மறைத்துவிட்டார்கள். வாசலை நாமே வைத்துக்கொள்ளலாம்.

முகப்புத் திரையில் வெறும் இடத்தில் மவுஸின் வலது பட்டனை அமுக்குங்கள். 'நியூ', அதற்குள் 'ஷார்ட்கட்'. ஒரு கட்டம் வரும். அதில் அடிக்க வேண்டியதை, டெலிபோனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். சி, ஓ, என், டி, ஆர், ஓ, எல் என்று அடித்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். என்ன பெயர் என்று கேட்கும். தமிழிலேயே 'பழைய அறை' என்று வைக்கலாம், தடையில்லை. 'ஃபினிஷ்' கொடுத்தால் கண்ட்ரோல் பேனலுக்கு ஒரு சின்னப் படம் முகப்பில் உட்கார்ந்துவிடும்.

இதே முறையில் இன்னொன்று: ஐ, என், டி, எல், புள்ளி, சி, பி, எல். இது நேராகத் தேதி முறைக்கு அழைத்துப் போகும். இதற்குத் 'தேதி' என்று பெயர் வையுங்கள். நம் வழக்கப்படி லட்சம், கோடி என்று காற்புள்ளி விழச் செய்வதும் இதற்குள்தான். மூன்றாவது: என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல். இது நெட்வொர்க் இணைப்புகளைத் திறக்கும். குடோன் கம்ப்யூட்டரும் கல்லாக் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாதபோது, சரி செய்ய வருபவர் முதலில் தேடுவது இதைத்தான்.

மற்றவை சில்லறை விஷயங்கள். திரையின் நடுவுக்குப் போய்விட்ட ஸ்டார்ட் பட்டனை இடது ஓரத்துக்குக் கொண்டுவர செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், 'அலைன்மென்ட்' என்ற இடத்தில் 'லெஃப்ட்' கொடுங்கள். வலது பட்டனை அமுக்கினால் வரும் பட்டியல் சுருங்கிவிட்டதே என்பவர்கள், கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டுடன் எஃப் 10 அமுக்கினால் பழைய நீளப் பட்டியல் வரும்.

பட்டன் இடம் மாறினால் கோபம் வருவது நமக்கு மட்டுமல்ல. 1995-இல் வந்த ஸ்டார்ட் பட்டனை 2012-இல் விண்டோஸ் 8-இல் எடுத்துவிட்டார்கள். உலகம் முழுவதும் கூச்சல் எழுந்து, 2013-இல் திருப்பி வைத்தார்கள். டாலியிலும் இதே கதை. அது ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த புரோகிராம். தகப்பனார் ஷியாம் சுந்தர் கோயங்காவின் தொழிலுக்குக் கணக்கு எழுத, 1986-இல் மகன் பாரத் கோயங்கா உருவாக்கியது. 2020-இல் டாலி பிரைம் வந்தபோது, கண்ட்ரோலுடன் எஃப் 9 என்றிருந்த டெபிட் நோட், ஆல்ட்டுடன் எஃப் 5 ஆயிற்று. நல்லவேளை, விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்பதில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் நம் கணக்குப்பிள்ளைகள் வேலையை விட்டே போயிருப்பார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பழையதே ஓடட்டும் என்று கேட்பவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவூட்ட வேண்டும். வான்னாக்ரை என்ற வைரஸ் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்கப் பணம் கேட்டது. கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள்கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். நம் கம்ப்யூட்டரில் பாங்க் கணக்கு, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு, ஊரார் கடன் எல்லாம் இருக்கின்றன. பழைய இயந்திரம் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால், சொந்த உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் பெற ஒரு தனி ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் அறிவித்தது. நிறுவனங்களுக்கு வேறு கட்டணம். அது அவகாசம் மட்டுமே.

தேதிகளைத் திருத்தினேன் என்றேன் அல்லவா? ஒன்று என் கண்ணில் படாமல் போயிருக்கிறது. 2026 தை மாதக் கடைசியில், மலையிலிருந்து பல வருட வாடிக்கையாளர் ஒருவர் கணக்குத் தீர்க்க வந்தார். பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"அண்ணா, மார்ச்சு பத்துல எண்ணெயும் பருப்பும் எடுத்ததா போட்டிருக்கு. மாசி மாசம் பூரா நான் வேலைக்கு வெளியூர் போயிட்டேனே. நான் எடுக்கலைண்ணா."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் தாளை மடித்து என் பக்கம் தள்ளி வைத்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆணியில் குத்தியிருந்த அக்டோபர்ச் சிட்டைகளை எடுத்து வந்து, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் கழித்து அவர் வாங்கிய எண்ணெயும் பருப்பும் என் கையெழுத்தில் இருப்பதைக் காட்டினேன். "ஆமாம், இது எடுத்தது வாஸ்தவம்" என்றார். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, அவர் பார்க்க அந்தத் தேதியைத் திருத்தி, புதுப் பட்டியல் அச்செடுத்தேன். அதையும் முதல் வரியிலிருந்து மறுபடி படித்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினார்.