சீட்டு எடுத்துச் செய்யும் சிகிச்சை

பெங்களூரில் 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனம், தேசம் முழுமைக்குமான காசநோய்த் தடுப்புத் திட்டத்தை 1962-இல் வகுத்தபோது, நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்னும் துணிபையே அதற்கு அஸ்திவாரமாகக் கொண்டது. அத்துணிபை அளித்தது 1956-இல் சென்னையில் தொடங்கிய ஒரு சோதனை. அதில் 193 நோயாளிகள், இன்னார் வீட்டில், இன்னார் சானடோரியத்தில் என்று, சீட்டுக் குலுக்கியதற்கு ஒப்பான முறையில் பிரிக்கப்பட்டார்கள். உயிர் ஊசலாடுகிறவனுடைய சிகிச்சையைச் சீட்டின் வசம் ஒப்புவிப்பது தர்மமா என்று கேட்பவருக்கு நாம் பதில் சொல்லியே தீரவேண்டும்.

மருத்துவரே தேர்ந்தெடுப்பாரானால், தேறக்கூடியவரைத் தம்மை அறியாமலே புதிய சிகிச்சையின் பக்கம் சேர்த்துவிடுவார். பிறகு கிடைத்த குணம் மருந்தினால் வந்ததா, நோயாளியின் திடகாத்திரத்தால் வந்ததா என்பது எவருக்கும் விளங்காது. ஆகையால்தான் ஸ்ட்ரெப்டோமைசினைப் பரீட்சித்து 1948-இல் முடிவை வெளியிட்ட பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், பிரிவினையை எண் அட்டவணையால் நிர்ணயித்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்திற்குள் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேரில் 14 பேர். எல்லோருக்கும் கொடுக்க அந்நாட்டில் அப்போது மருந்து இல்லை என்பது ஒப்புக்கொள்ளத்தக்க நியாயமே. ஆயினும் தாங்கள் ஒரு சோதனைக்கு உட்பட்டிருக்கிறோம் என்பதை அந்த 52 பேருக்கும் சொல்லாமல் விட்டதற்கு எந்த நியாயமும் இல்லை.

சென்னையிலோ இரு சாராருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. போஷாக்கும் ஓய்வும் சானடோரியத்தாருக்கு வாய்த்தன. வீட்டாருக்கு வாய்த்தவை இடநெருக்கடியும் வறுமையும். ஆனால் வீட்டுக்கு அனுப்பியவரை மருத்துவர்கள் கைவிட்டுவிடவில்லை: வாரந்தோறும் மருந்து வழங்கி, முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மிஞ்சிய மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, கூட வசித்த குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கண்காணித்தார்கள். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகரிக்கவுமில்லை. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகளின் கேள்விக்கு, ஏழைகளிடையே நடத்திய சோதனையே விடை கண்டது என்பதில்தான் அதன் தார்மிக பலம் இருக்கிறது.

இரண்டில் எது மேல் என்பது மெய்யாகவே தெரியாத வரையில்தான் சீட்டுக்கு நியாயமுண்டு. தெரிந்தபின் சீட்டுப் போடுவது துரோகம். தெரியாததைத் தெரிந்ததாகப் பாவித்து, சோதிக்காத சிகிச்சையை ஊருக்கெல்லாம் அளிப்பதும் அதற்குக் குறைந்த குற்றமன்று.

இந்தியாவில் இத்தகைய சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும், சோதனையால் ஊறு நேர்ந்தால் நஷ்டஈடும் 2019-ஆம் ஆண்டு விதிகளில் அடங்கியுள்ளன. ஆயினும் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் பேசுவோர் ஒரே வரிசையில் காத்திருக்கும் பெங்களூர் மருத்துவமனையில், படித்து விளங்காத தாளில் பெற்ற கையொப்பம் சம்மதமாகிவிடாது. எந்தச் சிகிச்சை கிட்டும் என்பதைச் சீட்டே தீர்மானிக்கும் என்பதையும், மறுத்துவிட்டால் வழக்கமான வைத்தியத்தில் இம்மியும் குறையாது என்பதையும் அவரவர் பாஷையில் சொல்லி, வீட்டாரோடு கலந்து யோசிக்க அவகாசமும் கொடுத்த பின்னரே மருத்துவர் அந்த உறையைப் பிரிக்கலாம்.