கொல்லிமலைச் சாமைக்குக் கைகொடுத்த விதை வங்கி

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டு வருகின்றனர். சாமையில் மட்டும் சடன் சாமை, கட்டவெட்டி சாமை, திருகுள சாமை, மல்லிய சாமை எனப் பல ரகங்கள் உண்டு. வானம் பார்த்த சரிவு நிலத்திலும் விளைபவை இவை.

ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி மலையேறியது. கையில் காசு புழங்கியது. சிறுதானியப் பரப்பு சுருங்கியது. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். ஒரு ரகத்தை எல்லோரும் விதைக்காமல் விட்டால், இருப்பில் உள்ள விதை சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பிறகு எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

இதைத் தடுக்க, 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள விவசாயிகளோடு இணைந்து பணியாற்றி, கிராம விதை வங்கிகளை அமைத்தது. விதையைக் கடனாக வாங்குபவர், அறுவடைக்குப் பின் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். உமி நீக்கும் இயந்திரங்களும் ஊருக்குள் வந்தன. சுய உதவிக் குழுக்கள் சிறுதானியத்தை அரிசியாகவும் மாவாகவும் மாற்றி விற்கின்றன.

மரவள்ளியை அடியோடு கைவிட வேண்டியதில்லை. நிலத்தில் ஒரு பகுதியையாவது பாரம்பரிய ரகத்துக்கு ஒதுக்குங்கள். நன்கு முற்றிய கதிர்களைத் தனியே அறுத்து, உலர்த்தி, விதைக்கு வையுங்கள். அதில் ஒரு படியை அண்டை விவசாயிக்கும் கொடுங்கள். உங்கள் வயலில் மழை பொய்த்தாலும் அவரிடம் விதை இருக்கும்.