வாசலை மறித்த கார்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகள் போகக் கூடாது. அதனால் சுற்றுலா வருபவர்கள் பக்கத்துத் தெருக்களில் நிறுத்துகிறார்கள். ஒருநாள் எங்க அத்தை வீட்டு முன்மனைக்குள்ளேயே ஒரு கார்! அன்னைக்குப் பார்த்து ஆயாவுக்கு மூச்சுத்திணறல். ஆட்டோ உள்ளே வர முடியல. மாமா ஆயாவைத் தூக்கிக்கிட்டுத் தெருமுனைக்கு ஓடினார்.

திரும்பி வந்து, "டயர் காத்தப் புடுங்கி விடுறேன்" என்றார். அத்தை தடுத்தாங்க. நம்ம இடத்தில் நின்றாலும் பிறர் வண்டியைச் சேதப்படுத்தினால் நம்ம மேலதான் வழக்கு வரும்.

என்ன செய்யலாம்?
1. அக்கம்பக்கம் விசாரிக்கணும்.
2. வண்டி எண் தெரியும்படி படம் எடுக்கணும்.
3. காவல் நிலையத்தில் சொல்லணும், அவசரம்னா 112. எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிப்பாங்க.
4. வண்டியை எடுக்க மறுத்தால் எழுத்தில் புகார் தரலாம்.

இப்போ அங்கே சங்கிலியும் போர்டும் இருக்கு. ஆயா நலம். தோழிகளே, உங்க வீட்டு வண்டியை நிறுத்தும்போதும் அது யார் வாசல்னு பாருங்க!