மீண்டும் திறந்த நிலையம்

நகர இருப்புப்பாதையில் நிலையங்கள் நெருங்கியிருத்தல் நன்றா, விலகியிருத்தல் நன்றா? அருகில் வாழ்வோர் முன்னதை விழைவர். தொலைவிலிருந்து வருவோர் பின்னதை விழைவர். வண்டி ஓரிடத்தில் நின்று புறப்படின், உள்ளே அமர்ந்திருப்போர் அனைவர்க்கும் காலம் கழிகின்றதன்றோ?

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் இவ்வழக்கு இருமுறை எழுந்தது. அங்கே இரும்புத் தூண்கள் தாங்கும் பாதையில், தெருவுக்கு மேலாக இரயில் ஓடுகின்றது. விவேகானந்தர் அந்நகரில் சொற்பொழிவாற்றிய 1893ஆம் ஆண்டிலேயே லேக் தெருவின்மீது அவ்வண்டி ஓடத் தொடங்கியது. மார்கன் தெருவிலும் ஒரு நிலையம் இருந்தது. 1948இல் வண்டிகளை விரைவுபடுத்த எண்ணிய போக்குவரத்துத் துறையினர் அவ்வழியில் பல நிலையங்களை மூடினர். மார்கனும் அவற்றுள் ஒன்று. அப்பகுதி இறைச்சியும் காய்கனியும் மொத்தமாக விற்கும் கிடங்குகள் நிறைந்தது.

காலப்போக்கில் கிடங்குகள் பல வீடுகளாகவும் உணவகங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறின. மக்கள் பெருகினர். ஆயினும் கிளிண்டன் நிலையத்திற்கும் ஆஷ்லண்ட் நிலையத்திற்கும் இடையே ஒரு மைலுக்கு மேல் ஏறுதற்கு இடமில்லை. வண்டியோ அவர்கள் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது! அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2012 மே மாதத்தில், ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் டாலர் செலவில் பழைய இடத்திலேயே புதிய மார்கன் நிலையம் திறக்கப்பெற்றது. படியேற இயலாதார்க்கு மின்தூக்கிகளும் அமைந்தன. பழைய நிலையத்தில் இவ்வசதி ஏது?

2018இல் பெரிய உணவு நிறுவனமாகிய மக்டொனால்ட்ஸ் தன் தலைமை அலுவலகத்தை அப்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. நிலவிலை உயர்ந்தது, இறைச்சி வணிகர் பலர் இடம்பெயர்ந்தனர். இப்பழியை நிலையத்தின்மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. நிலையம் வருமுன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. அதே வழியில் 1948இல் மூடிய டேமன் நிலையமும் 2024 ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் திறக்கப்பெற்றது.