கடிப்பது யார் என்று பயிருக்குத் தெரியும்

புல்லும் மரமும் தொட்டால் உணரும் ஓரறிவு உயிர்கள் என்று தொல்காப்பியம் வகுத்தது. மரத்தைக் கும்பிட்டுவிட்டே கோடாலியை எடுக்கும் பெரியவர்கள் இன்றும் கிராமங்களில் உண்டு. செடியின் இந்த உணர்ச்சியைக் கருவி கொண்டு அளந்து காட்டியவர் வங்காள விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். அவர் அமைத்த கிரெஸ்கோகிராஃப், கண்ணுக்குப் புலப்படாத வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டியது.

1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.சி.என். சிங் செடிகளுக்கு இசை கேட்கச் செய்தார். வளர்ச்சி கூடியதாகவும் அறிவித்தார். நாடெங்கும் பேசப்பட்ட செய்தி அது. ஆனால் ராகத்தை நம்பி எவரும் உரத்தைக் குறைத்துவிட வேண்டாம்!

அதற்காகச் செடிக்கு அதிர்வே தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. புழு இலையைக் கடிக்கும்போது எழும் நுண்ணிய அதிர்வைப் பதிவு செய்து, கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் இலையில், புழு இல்லாமலே, அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார் ஓட விட்டனர். பிறகு நிஜப் புழுவை விட்டபோது, அச்செடிகள் காரப்பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றசைவின் அதிர்வை மட்டும் பெற்ற செடிகள் அப்படிச் செய்யவில்லை. இது 2014-இல் வெளிவந்த ஆய்வு.

மக்காச்சோளம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இலையில் காயம் பட்ட இடத்தில் புழுவின் எச்சில் பட்டதும் அது ஒரு தனி வாசனையை வெளியிடுகிறது. அந்த வாசனையைத் தேடிக் குளவி வந்து, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிறது. நெல்லும் இப்படித்தான். புகையான் தாக்கிய பயிரின் வாசனைக்கு, புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் அனாகிரஸ் என்ற மிகச் சிறிய குளவி வருவதைச் சீன ஆய்வாளர்கள் 2005-இல் கண்டனர்.

நாலு பூச்சியைக் கண்டதும் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பயிர் கூப்பிட்டு வந்த குளவியும் அந்த மருந்தில் சாகிறது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்த வயல்களில் புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகுவது தெரிந்த விஷயம். மருந்துக்குக் கடன் வாங்கியும் பயிர் கருகிப் போவது இதனால்தான்.

பயிரை விலக்கி அடித்தண்டைப் பார்க்க வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி. இந்த அளவை எட்டாதவரை மருந்து வேண்டாம். தேங்கிய நீரை வடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டால் காற்றும் வெயிலும் பயிரின் அடிவரை போகும்.