இணையதளம் அமைப்பவரைத் தேர்ந்தெடுத்தல்

விருதுநகர் ஜில்லாவில் நிலமும் அதனோடு சிறு வியாபாரமும் வைத்திருப்போர் சிலர், மிளகாய் வற்றல், மல்லி, மாம்பழம், தேங்காய், செக்கெண்ணெய் முதலியவற்றை வெளியூர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நேராக அனுப்பி வருகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்குச் சொந்தத்தில் ஓர் இணையதளம் இருப்பது நலமென்று பலரும் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களில் அநேகர் அதை அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆகையால், அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது, அவரிடம் என்ன கேட்பது, எதை எழுதி வாங்கிக்கொள்வது என்பவற்றை முன்னதாகவே அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

விளைந்தது முழுவதையும் விருதுநகர் கமிஷன் மண்டிக்கு ஏற்றிவிடுகிறவருக்கு இணையதளத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்து இருபது வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை மாம்பழக் கூடை அனுப்புகிறவருக்கும் வாட்ஸ்அப் போதும். முன்பின் அறியாத ஒருவர் பொருளைத் தேடி வரவேண்டும், வந்தவர் விற்பவரை நம்பவேண்டும் என்ற நிலையில் இருப்பவரே இச்செலவைச் செய்யலாம்.

அவ்விதம் செய்ய முற்படுகிறவர், இணையதளம் என்பது ஒரு பொருளன்று, மூன்று பொருள்கள் சேர்ந்தது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். முதலாவது டொமைன் என்னும் பெயர். இரண்டாவது, பக்கங்களைப் போட்டுவைக்கும் இடம். இதை ஹோஸ்டிங் என்பார்கள். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள். நிலம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டமன்று. டொமைன் பட்டாவைப் போன்றது. ஹோஸ்டிங் குத்தகைக்கு எடுத்த மனையைப் போன்றது. பக்கங்கள் அம்மனைமேல் எழுப்பிய கட்டடம். வெப் டிசைனர் என்பவர் கட்டடம் கட்டும் கொத்தனார். கொத்தனார் எத்துணைக் கெட்டிக்காரராயிருந்தாலும் அவர் பெயரில் பட்டா எழுதிவைப்பவர் கிடையாது. ஆனால் இணையதள விஷயத்தில், விவரமறிந்த மிராசுதார்களும்கூட அந்தக் காரியத்தையே செய்துவிடுகிறார்கள்.

அது நேரும் விதம் இது. டிசைனர், "எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். உரிமையாளருக்கும் அது சௌகரியமாகப் படுகிறது. டிசைனர் தம் ஈமெயில் முகவரியையும் தம் செல்போன் எண்ணையும் கொடுத்துப் பெயரைப் பதிகிறார். ஹோஸ்டிங்கும் அவர் கணக்கிலேயே ஓடுகிறது. வற்றல் பாக்கெட், எண்ணெய் டின், விசிட்டிங் கார்டு யாவற்றிலும் அப்பெயர் அச்சாகிறது. இரண்டு வருஷம் கழித்துப் புதுப்பிக்கும் கட்டணத்தில் தகராறு வருகிறது. அல்லது டிசைனர் வேறு உத்தியோகம் கிடைத்துப் பெங்களூர் போய்விடுகிறார். போனை எடுப்பார் இல்லை. தவணை முடிந்ததும் தளம் மறைகிறது. குறித்த அவகாசத்துக்குள் புதுப்பிக்கப்படாத பெயர் விடுபட்டு, வேண்டியவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வருகிறது. பதிவேட்டில் உரிமையாளர் பெயரே இல்லாமையால், அவர் பணம் கட்டிய ரசீதைக் காட்டினாலும் பதிவு நிறுவனம் உடனே பெயரை மாற்றித் தராது.

ஆகவே, பெயரை உரிமையாளர் தாமே பதிந்துகொள்ளவேண்டும். அல்லது தம் எதிரில், தம் ஈமெயிலையும் தம் செல்போன் எண்ணையும் கொடுத்துப் பதியச் செய்யவேண்டும். இதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தால் போதும். டாட் இன் என்று முடியும் பெயர்களை 2003-ல் நிறுவப்பட்ட நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆப் இந்தியா என்ற ஸ்தாபனம் நிர்வகிக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களின் வழியே பெயர் கிடைக்கும். சாதாரணப் பெயருக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகலாம். முதல் வருஷத்துக்கு மிகக் குறைவாகச் சொல்லி, அடுத்த வருஷம் பன்மடங்கு வாங்குவதும் உண்டாதலால், புதுப்பிக்கும் கட்டணத்தையே கேட்கவேண்டும். பட்டாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது தவணைக்கு உட்பட்டது என்பது. ஒரே தடவையில் 10 வருஷம் வரை கட்டிவைக்கலாம். தமிழிலேயே எழுதி '.இந்தியா' என்று முடியும் பெயரும் பெறலாம். ஆயினும் வெளி மாகாணத்து வியாபாரிகளுக்காக ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்வது உத்தமம்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். நிர்வாகிகள் மாறுவார்கள், தலைமை நிர்வாகி ராஜினாமா செய்வார். அவருடைய சொந்த ஈமெயிலில் பெயர் பதிவாகியிருந்தால், அவருடன் அதுவும் போய்விடும். பெயர் கம்பெனியின் பெயரிலேயே பதியப்படவேண்டும். பாஸ்வேர்டு, பதிவு எண், புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றைத் தீர்மானப் புஸ்தகத்தோடு ஒரு மூடிய உறையில் வைத்து, பொறுப்பு மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களிடம் யோசனை கேட்டு வருவோருக்கு அவர்கள் முதலில் சொல்லத்தக்கது இதுவே.

பெயர் யாருடையது என்னும் இந்த நியாயம் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதையொட்டி அச்சுத் தொழில் அங்கே வளர்ந்தது. லேபிளைத் தீட்டியவர் ஓவியர், அச்சிட்டது அச்சாபீஸ், ஆனால் அதிலுள்ள முத்திரையைத் தம் சின்னமாகக் கொண்டு சரக்கை விற்றவர் தீப்பெட்டிக்காரரே. 1940-ல் வணிகச் சின்னச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர் அதைப் பதிந்துகொள்ள வழியும் ஏற்பட்டது. லேபிளில் எவரும் விட்டுக்கொடுக்காத உரிமையை இணையதளத்தில் விட்டுக்கொடுப்பது விந்தை.

சிவகாசியின் அச்சுக்கலையால் வேறொரு மயக்கமும் ஏற்படுகிறது. காலண்டரும் பட்டாசுப் பெட்டியும் அழகாக வரைகிறவர், இணையதளமும் அழகாக அமைப்பாரென்று எண்ணுவது இயல்பே. சிலர் அப்படி அமைக்கவும் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு தொழில். அச்சுத் தாளின் அளவு மாறாது. இணையப் பக்கமோ செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒவ்வோர் அளவில் திறக்கும். அச்சுக்கு எடுத்த படம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. அதையே சுருக்காமல் தளத்தில் ஏற்றினால், கிராமத்து செல்போனில் பக்கம் திறப்பதற்குள் பார்க்கிறவர் வேறிடம் போய்விடுவார். தமிழ் எழுத்திலும் இடர் உண்டு. அச்சுப் பக்கம் சேர்ப்பதற்கு முன்னர் ஏற்பட்ட பல எழுத்துருக்கள் தத்தமக்கென்று தனிக் குறியீடுகளைக் கொண்டவை. அவற்றில் அடித்ததை அப்படியே தளத்தில் வைத்தால், அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். படமாக மாற்றி வைத்தாலோ, தேடுகிறவருக்குச் சரியாக அகப்படாது. தமிழ்நாடு அரசாங்கம் 2010-லேயே யூனிகோடைத் தமிழுக்குரிய நியமமாக ஏற்றிருக்கிறது. ஆதலால் டிசைனர் முன்பு செய்த தளமொன்றைச் செல்போனில் திறந்து, ஒரு தமிழ்ச் சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். சொல் தனியே பிடிபட்டு, அதை நகலெடுத்துத் தேடுமிடத்தில் இட்டால் அதே சொல்லாகத் தெரியவேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிஷம் ஆகும்.

முன்பு செய்த வேலையைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சென்ற மாதம் முடித்த தளம் எல்லோருடையதும் நன்றாகத்தானிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் முடித்தவை மூன்றைக் கேட்கவேண்டும். அவை இன்னும் திறக்கின்றனவா, விலைகள் இவ்வருஷத்தியவையா என்று பார்க்கவேண்டும். ஆபீஸ் வைஃபையில் அன்று, தோட்டத்தில் நின்று செல்போன் டேட்டாவில் திறந்து பார்க்கவேண்டும். பிறகு அத்தள உரிமையாளர்களுக்குப் போன் செய்து, விலையைத் தாங்களே மாற்ற முடிகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் டிசைனரை வேண்டி நிற்கிறார்களா என்று விசாரிக்கவேண்டும். வற்றல் விலை வாரத்துக்கு வாரம் மாறும் சரக்கு. அதைத் திருத்தத் தெரியாதவருக்குத் தளம் இருந்தும் பயனில்லை.

சட்டம் அறியாத டிசைனர் ஆபத்தானவர். சிவகாசியைச் சுற்றி நிலமுள்ள குடும்பங்கள் சிலவற்றில் பட்டாசுக் கடையும் உண்டு. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட், மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்பதையும் விற்பதையும் தடுத்து உத்தரவிட்டது. அதை அறியாமல், வற்றலுக்கு அமைத்த விற்பனைப் பக்கத்திலேயே பட்டாசுக்கும் ஒரு பகுதி சேர்த்துத் தருவதாகச் சொல்லுகிறவரிடம் வேலையை ஒப்படைக்கலாகாது; லைசென்ஸுக்கே ஹானி வரக்கூடும். தீபாவளிக் காலத்தில் சிவகாசிக் கடைகளின் பேரால் போலித் தளங்கள் தோன்றிப் பணம் பறிப்பதைப் பற்றிப் போலீஸார் எச்சரித்திருக்கிறார்கள். இதன் காரணமாக, இப்பக்கத்து விலாசம் கண்டாலே வாங்குவோருக்குச் சந்தேகம் எழுவது சகஜம். உண்மையான வியாபாரி தம் தளத்தில் முழு விலாசம், போன் எண், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் எண், உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் அல்லது பதிவு எண் இவற்றைத் தெளிவாகப் போடுவது நம்பிக்கைக்கு வழி. இணையவழி விற்பவர் தம் பெயர், விலாசம், குறை கேட்பவரின் விவரம் ஆகியவற்றைத் தெரிவிக்கவேண்டுமென்று 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளும் கூறுகின்றன. இவற்றை டிசைனர் தாமாகவே கேட்டாரானால் அவர் தொழிலறிந்தவர் என்று கொள்ளலாம். பணம் பெறும் கணக்கு உரிமையாளருடையதாகவே இருக்கவேண்டும். சில நாளைக்கு என்றும் டிசைனரின் யு.பி.ஐ. எண்ணைப் போட இடங்கொடுக்கலாகாது.

ஒப்பந்தம் வாய்வார்த்தையாக இருத்தல் கூடாது என்பதற்குச் சட்டத்திலேயே காரணமுண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அமர்ந்தவர் உத்தியோக முறையில் ஆக்கியது பொதுவாக எஜமானரைச் சேரும். ஆனால் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர் எழுதிய எழுத்தும் நிரலும், எழுத்துமூலம் கையொப்பமிட்டு மாற்றித் தரப்படாவிட்டால், பெரும்பாலும் அவருக்கே உரியவை. மாற்றித் தரும்போது கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 வருஷத்துக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. பணம் முழுதும் கொடுத்தவர் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. ஆதலால் இரண்டு பக்கம் போதும், ஒரு கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். எத்தனை பக்கங்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், பிந்திய திருத்தங்களுக்கு என்ன கூலி, உரிமை முழுக் காலத்துக்கும் எல்லா நாடுகளுக்கும் மாறுகிறது என்பது, எல்லாப் பாஸ்வேர்டுகளும் தளத்தின் முழுப் பிரதியும் ஒப்படைக்கப்படும் என்பது யாவும் அதில் இருக்கவேண்டும். பணத்தைத் தவணையாகக் கொடுத்து, கடைசித் தவணையை அப்பிரதி கைக்கு வந்த பின்னரே கொடுப்பது வழக்கமானால் தகராறுகள் பெரிதும் குறையும்.

ஏற்கெனவே பெயரைப் பிறர் கையில் விட்டுவிட்டவர்கள் சண்டையில் ஆரம்பிக்கலாகாது. உறவு நன்றாயிருக்கும்போதே, பதிவை மாற்றித் தருமாறு கேட்டு, அதற்குரிய மாற்றுக் குறியை வாங்கி, தம் கணக்குக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதைச் செய்வது நல்லது. மறுப்பாரானால், டாட் இன் பெயர்களைப் பற்றிய வழக்குகளுக்கு மத்தியஸ்த முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டணமுண்டு. பெயரின்மேல் தமக்குள்ள உரிமையையும் எதிரியின் கெட்ட எண்ணத்தையும் ருசுப்படுத்தவேண்டும். வணிகச் சின்னம் பதிந்தவருக்கு அது எளிது, பதியாதவருக்குக் கடினம்.

வேலையைக் கொடுக்கும் காலத்தையும் யோசிக்கவேண்டும். சிவகாசியில் ஆடிப் பதினெட்டன்று புதுக் காலண்டர் மாதிரிகள் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை அங்கே அச்சுவேலையோடு சேர்த்து இணைய வேலையும் செய்கிறவர்களுக்குக் காலண்டரும் தீபாவளிப் பெட்டியும் நெருக்கும். சிறு வேலைகள் பின்தள்ளப்படும். மிளகாய் அறுவடை மாசி, பங்குனியில் மும்முரமாவதால், அதற்குள் தளம் தயாராக வேண்டுவோர் முந்தின சித்திரை, வைகாசியிலேயே ஒப்பந்தம் செய்து, ஆடிக்கு முன் முடித்து வாங்கிக்கொள்ளலாம். இடையிலுள்ள மாதங்களில் கைவசமிருக்கும் சரக்கைக் கொஞ்சம் விற்றுப் பார்த்துக் குறைகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.