வாழைமரப் பணம்

நாணயஞ் சேர்ப்போர் பலர். யுத்தகாலத்து நோட்டுகளைச் சேர்ப்போர் சிலரே. அவற்றுள் ஜப்பானியர் மலேயாவில் வழங்கியவற்றைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வென்றோர் தம் பெயரால் அச்சிட்ட தாட்பணத்தை அந்நாடெங்கும் வழங்கினர். 10 வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழை பொறிக்கப்பட்டமையின், வாழைமரப் பணம் என்னும் பெயர் உண்டாயிற்று.

சேர்ப்போர் முதற்கண் நோக்கற்பாலது எழுத்துக் குறியாகும். 'எம்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவது மலேயாவிற்குரியது, 'பி' பர்மாவிற்குரியது, 'எஸ்' டச்சு இந்தியத் தீவுகட்குரியது. அடுத்தது தொடரெண். முதலில் வந்த வெள்ளி நோட்டுகளில் எண் உண்டு. பின்னர் வந்தவற்றில் எழுத்துகளே உள. எண்ணில்லாத தாளுக்குக் கணக்கேது? கள்ள நோட்டும் எளிதிற் புகுந்தது. பண்டங்கள் அருகின, நோட்டுகள் பெருகின; தொடக்கத்தில் இல்லாத 1000 வெள்ளி நோட்டும் தோன்றிற்று.

1945-இல் பிரிட்டிஷார் மீண்டவுடன் அப்பணம் செல்லாதென்று அறிவித்தனர். ரப்பர்த் தோட்டங்களில் தமிழ் மக்கள் வியர்வை சிந்திப் பெற்ற கூலியில் எஞ்சியதும், வணிகர் பெட்டியிலிருந்த முதலும் வெறுந்தாளாயின.

மடிப்பில்லாத நோட்டுக்கே இன்று விலை மிகுதி. ஆயினும் அது பெரும்பாலும் ஒருபடி அரிசியும் வாங்கியறியாதது. கசங்கிக் கறைபட்ட நோட்டோ பல கைகளிற் புழங்கிப் பலர் பசியைக் கண்டது. ஆதலின், அதனையும் ஒதுக்காது போற்றுதல் நம் கடனாம்.